நாற்றம் என்னும் சொல்லும் தோட்டத்து வியர்வையும்

உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு வீழ்ந்த தமிழ்ச் சொற்களுள் ‘நாற்றம்’ என்பதும் ஒன்று. வள்ளுவர் காலத்தில் அது பூவின் மணத்தைக் குறித்தது. ஆண்டாள் வெண்சங்கை விளித்துத் திருமாலின் இதழ் மணத்தை வினவியபோதும் ‘நாறுதல்’ என்னும் வினையையே கையாண்டாள். நன்னாற்றம், தீநாற்றம் என அடைகொடுத்துப் பிரித்துச் சொல்லவேண்டிய தேவை அன்று இருந்தது. இன்றோ அடை வேண்டியதில்லை. ஒருவனைப் பார்த்து ‘நாறுகிறாய்’ என்றால் அது வசை. ஒரு கூட்டத்தாரைப் பார்த்துச் சொன்னால் அது வசையிலும் கொடிது. அச்சொல் யார்மீது வீசப்பட்டது, ஏன் வீசப்பட்டது என்பதை ஆராயப் புகுந்தால், சொல்லின் வரலாறு நம்மை மனிதரின் வரலாற்றுக்கே கொண்டுபோய் விடுகிறது.

பாண்டியன் ஒருவனுக்கு எழுந்த ஐயத்தைத் திருவிளையாடற் புராணம் படித்தோர் அறிவர். தன் தேவியின் கூந்தல் மணம் இயற்கையா செயற்கையா என்பதே அவ்வையம். அதைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் கொண்ட கிழியைச் சங்க மண்டபத்தில் தொங்கவிட்டான். இறைவனே எதிர்நின்று வாதாடியும் நக்கீரர் அசையவில்லை. கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை. அது எவ்வெப்பொருளோடு பழகுகிறதோ அவ்வப்பொருளின் மணமே அதன் மணம் என்பது அவர் கட்சி. புராணம் நக்கீரருக்குத் தண்டனை அளித்தது. ஆயினும் அவர் கூற்றில் ஒரு பேருண்மை உண்டு. அதனை அரசியின் கூந்தலை விட்டு இறக்கி, உழைப்பாளியின் உடலோடு பொருத்திப் பார்க்க அன்றைய சங்கத்தில் எவருக்கும் தோன்றவில்லை. இக்கட்டுரையில் நாம் செய்ய முயல்வது அதனையே. பொருத்திப் பார்க்கும் இடம் சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தோட்டங்கள்.

உடல் மணத்தைப் பேணும் அறிவு தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி நீராடும் நீரில் ஊறியவை பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை. அடியார்க்கு நல்லார் அவற்றின் பெயர்களையும் எடுத்துரைப்பார். இவற்றுள் துவரே நமக்கு முக்கியம். துவர்ப்புப் பொருள் தோலைச் சுருக்கும். வியர்வை வாயில்களை ஒடுக்கும். இன்றைய வியர்வை அடக்கிகள் அலுமினிய உப்பைக் கொண்டு செய்வதும் ஏறத்தாழ இதே வேலைதான். ஆனால் அந்த நாற்பத்தேழு பொருளையும் சேகரித்தவர் யார், இடித்தவர் யார், நீர் சுமந்தவர் யார் என்று காப்பியம் சொல்லாது. சொல்லாதது காப்பியத்தின் குறையன்று. அது எழுந்த சமுதாயத்தின் இயல்பு.

குடிமக்களுக்கு வேறு முறைகள் இருந்தன. தலைக்குச் சீயக்காயும் அரப்பும், உடலுக்குப் பயற்றம்மாவும் மஞ்சளும், துணிக்குச் சாம்பல் நீரும் உவர்மண்ணும். சவர்க்காரம் என்று நாம் வழங்கும் சொல்லிலேயே உவரும் காரமும் ஒலிக்கின்றன. இவ்வறிவு ஏட்டில் ஏறாதது. பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைமாறியது. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணியின் பின்னே கடல் கடந்து வந்த மக்கள், வேறு முதல் இல்லாத நிலையில், இதனையும் மூட்டையோடு கொண்டுவந்தனர்.

அவர்கள் கடல் தாண்டுமுன்னரே ‘அழுக்கர்’ என்னும் முத்திரை விழுந்துவிட்டது. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் அவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர்; அம்மைப்பால் குத்தப்பட்டனர்; உடைகள் கிருமிநீக்கத்துக்கு உள்ளாயின. தொற்றுநோயைத் தடுப்பது தேவையே. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அதே கடலைத் தாண்டிய துரைமாருக்கும் வணிகருக்கும் அம்முகாம் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிருமி வகுப்புப் பார்த்துத் தொற்றுவதில்லை. தடுப்பு மட்டும் வகுப்புப் பார்த்தது. (அம்மண்டபமே 1980களின் பின் இலங்கையிலிருந்து ஓடிய தமிழரின் ஏதிலி முகாமாயிற்று என்பது வரலாற்றின் கொடிய நகை.)

சப்பிரகமுவவில் அவர்களுக்காகக் காத்திருந்த பயிர் றப்பர். 1876ஆம் ஆண்டு விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அக்கன்றுகளுள் 1,919 அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. மோட்டார் வண்டியின் பெருக்கத்தால் 1910இல் இலண்டனில் றப்பரின் விலை ஓர் இறாத்தலுக்குப் பன்னிரண்டு சிலிங்குக்கு மேலேறியது. களனிப் பள்ளத்தாக்கு இரயில்பாதை 1902இல் அவிசாவளையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் காடுகள் வீழ்ந்தன, லயன்கள் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பரா. அதற்குள் ஒரு குடும்பம். அதற்குள்ளேயே அடுப்பு, புகை, ஈரத்துணி எல்லாம்.

பால்வெட்டும் தொழிலைச் சற்று விரித்துக் கூறவேண்டும். ஏனெனில் நம் வினாவின் விடை அங்கேதான் இருக்கிறது. மரத்தின் பால்நாளங்களில் அழுத்தம் விடியற்காலையிலேயே மிகுதி. ஆகவே இருள் பிரியுமுன் மலையேற வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் ஊறிச் சிரட்டையில் சேரும். வெயில் ஏறியபின் அதனை வாளியில் திரட்டித் தலையிலோ கையிலோ சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் உறைந்துவிடாமலிருக்க அமோனியா; ஸ்டோரில் உறைய வைக்க அசற்றிக் அமிலம் அல்லது போமிக் அமிலம்; பின் உருளை; பின் புகைக்கூடம். பட்டையிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியதை ஒட்டுப்பால் என்பர்; அதையும் சுரண்டிச் சேர்க்க வேண்டும். துணியில் தெறித்த பால் உறைந்தால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. வேலைச்சேலை சில மாதங்களில் தோல்போல் விறைத்துவிடும். ஒட்டுப்பாலின் நெடியோ ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

இனி, அந்நெடி எதனால் வருகிறது? றப்பர்ப் பாலில் றப்பர் மட்டுமில்லை. புரதமும் கொழுப்பும் வேறு பொருள்களும் உண்டு. அவற்றைப் பக்டீரியாக்கள் சிதைக்கும்போது எளிதில் ஆவியாகும் கொழுப்பமிலங்கள் பிறக்கின்றன. அசற்றிக், பியூட்டிரிக், ஐசோவலரிக் அமிலங்கள் அவற்றுட் சில.

மனித உடலின் நாற்றமும் இதே வழியிற் பிறப்பதுதான். நம் தோலில் இருவகை வியர்வைச் சுரப்பிகள் உள. உடலெங்கும் பரந்துள்ள இலட்சக்கணக்கானவை உப்பு நீரைச் சுரந்து உடலைக் குளிர்விப்பவை. உழைப்பவனின் நெற்றியில் ஆறாய் ஓடும் வியர்வை இது. இதற்கு மணமே இல்லை எனலாம். மற்றொரு வகை அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் இருந்து, பருவமடையும் காலத்திலே தொழிற்படத் தொடங்குவது. அது சுரப்பது சிறிதளவான கொழுப்பும் புரதமும் கலந்த நீர். சுரக்கும்போது அதுவும் மணமற்றதே. 1953இல் வால்ட்டர் ஷெல்லி என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் இதனைச் சோதனையால் நிறுவினர். கிருமி சேராது எடுத்த சுரப்பு நாறவில்லை. கிருமி சேர்ந்தபின் நாறியது. அக்குளின் மயிரை மழித்தால் நாற்றம் குறைவதையும் அவர்கள் கண்டனர். தோலில் வாழும் கொரினபாக்டீரியம், ஸ்டெபிலோகொக்கஸ் ஹொமினிஸ் முதலிய நுண்ணுயிர்களே அந்நீரைச் சிதைத்துக் கொழுப்பமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் உண்டாக்குகின்றன. பாதத்தின் வியர்வை நாற்றத்துக்குக் காரணமான ஐசோவலரிக் அமிலம், ஒட்டுப்பாலின் நெடியிலும் இருக்கும் அதே பொருள்.

இவ்விடத்துச் சிறிது நின்று எண்ணுதல் தகும். ஒரே அமிலம் பண்டத்தில் இருந்தால் அதற்குக் கொழும்பிலும் இலண்டனிலும் ஏலம். மனிதனில் இருந்தால் அவனுக்குப் புறக்கணிப்பு. றப்பர் நாறுகிறது என்று எந்தக் கம்பனியும் இலாபத்தை மறுத்ததாக வரலாறு இல்லை. நக்கீரர் கட்சி இங்கே முழுமையாக வெல்கிறது. தோட்டத்துப் பெண்ணின் உடலுக்கென இயற்கையில் ஒரு தனி நாற்றம் கிடையாது. அவள் எப்பொருளோடு நாள்முழுதும் பழக நிறுத்தப்பட்டாளோ அப்பொருளின் நாற்றமே அவளுடையது என்று சொல்லப்பட்டது.

அதனைக் கழுவ வேண்டியது தண்ணீர். இரத்தினபுரி ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் நிலம், நீர்வளத்துக்குக் குறைவில்லை. குறைவு குழாயில். பல குடும்பங்களுக்கு ஒரு பீலி, அப்பீலியில் வரிசை, வரிசையில் முதலில் குடிநீர்க்குடம், பின்பு துணி, கடைசியாக உடல். மறைவிடம் இன்மையால் பெண்கள் உடுத்த துணியோடு குளித்து, அவ்வீரத்தோடு வீடு திரும்புவர். மாற்றுத்துணியோ ஒன்று, சில வீடுகளில் அதுவுமில்லை. நடேசய்யர் தோட்டங்களுக்குள் நுழைய வழியில்லாதபோது புடவை வியாபாரியின் வேடத்திற் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பர். அவ்வேடத்தை அவர் தேர்ந்தது தற்செயலன்று. புடவை வியாபாரி ஒருவனுக்கே காம்பராவின் வாசல்வரை செல்லும் உரிமை இருந்தது.

சட்டம் இருக்கவில்லையா என்றால், இருந்தது. 1912இல் தோட்ட மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமும் தொழிலாளர் நோய்கள் பற்றிய சட்டமும் வந்தன. 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனம் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. அப்புழு வெறுங்காலின் வழியே உடலுக்குள் ஏறுவது. காலணியும் மலசலகூடமும் இருந்தால் ஏறாதது. இத்தீவின் றப்பரிலிருந்து மேனாட்டுக் காலணிகளுக்கு அடித்தோலாகும் கிறேப் தாள் போயிற்று. அதனை உருட்டி எடுத்தவரின் பாதம் வெறும்பாதம். மாத்திரைக்குப் பணம் கிடைத்தது. மலசலகூடத்துக்கு முதலாளியிடம் பணம் கேட்டபோது ‘இவர்கள் பழக்கம் அப்படி’ என்ற விடையே கிடைத்தது.

இங்கிலாந்திலும் இதே கதை வேறு உடையில் நடந்தது. 1937இல் வெளிவந்த ஒரு நூலில் ஜோர்ஜ் ஓர்வெல், கீழ்வகுப்பார் மணமற்றவரல்லர் என்னும் அருவருப்பைத் தம்போன்ற நடுத்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே எவ்வாறு ஊட்டி வளர்த்தனர் என்று எழுதினார். அவர் கண்டது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை. ஆனால் அத்தொழிலாளர்க்கு வலிய சங்கம் இருந்தது, வாக்கும் இருந்தது. 1926ஆம் ஆண்டுச் சட்டம் சுரங்க நிலத்தின் உடைமையாளர் பெறும் உரிமைத்தொகையில் 5 விழுக்காட்டை வரியாக்கி, சுரங்க வாயிலிலேயே குளியற்கூடங்கள் கட்ட வழிசெய்தது. கரிப்புழுதியும் வியர்வையும் தொழிலின் விளைவு. ஆகவே அதனைக் கழுவுவது தொழிலின் செலவு என்னும் நியாயம் அங்கே சட்டமாயிற்று. கேகாலையில் பால்வெட்டி இறங்கியவளுக்கு அந்த நியாயம் எட்டவில்லை. அவளுக்கு எட்டியது 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். அதன் கீழ் வகுத்த கூலி, கீழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம். இருபாலார்க்கும் ஒரே கூலி என்பது 1984இல்தான் வந்தது.

குளியற்கூடத்துக்குச் சட்டம் தேவைப்பட்டது. சவர்க்காரக் கட்டிக்கோ விளம்பரமே போதுமாயிருந்தது. உடல் நாற்றம் என்பதை அச்சமாக மாற்றி விற்கும் கலை அமெரிக்காவில் வளர்ந்தது. 1888இல் பிலடெல்பியாவில் ‘மம்’ என்னும் பூச்சு வந்தது. பின்னர், அறுவை மருத்துவர் ஒருவர் தம் கைகள் வியர்க்காதிருக்கச் செய்த அலுமினியக் குளோரைட்டு நீரை, அவர் மகள் எட்னா மர்பி ‘ஓடோரோனோ’ என்னும் பெயரில் விற்றார். 1919இல் ஒரு மாதர் இதழில் வெளிவந்த அதன் விளம்பரம், பெண்ணொருத்தி தன்னை அறியாமலே நாறக்கூடும், அதை எவரும் அவளிடம் சொல்லமாட்டார் என்று மறைமுகமாக எச்சரித்தது. ஏறத்தாழ இருநூறு வாசகர் சினந்து இதழையே நிறுத்தினர். விற்பனையோ ஓராண்டில் இருமடங்குக்கு மேலாயிற்று. சினமும் வெட்கமும் கூடச் சரக்காகும் என்பதை வணிகர் கண்டுகொண்டனர். லீவர் கம்பனியின் லைப்போய் சவர்க்காரம் அதே வழியில் ‘உடல் நாற்றம்’ என்பதன் இரண்டு ஆங்கில எழுத்துகளை நாடெங்கும் பரப்பியது.

அந்த லீவர் கம்பனி 1911 முதல் பெல்ஜியக் கொங்கோவில் சவர்க்காரத்துக்கான செம்பனை எண்ணெயைக் கட்டாய உழைப்பால் பிழிந்தெடுத்தது. 1938இல் கொழும்பு கிராண்ட்பாஸில் தொழிற்சாலை தொடங்கியது. நம் தென்னந்தோப்பின் எண்ணெய் கட்டியாகி, உறையணிந்து, தோட்டக் கடைக்குக் கடன்கணக்கில் வந்து சேர்ந்தது. சவர்க்காரத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. அது கொணர்ந்த நலம் பெரிது. அதனோடு கூட வந்த பாடம், வாங்கமுடியாதவன் தாழ்ந்தவன் என்பதே தவறு.

அப்பாடம் நம்மவர்க்குப் புதிதாகவும் இருக்கவில்லை. தோட்டத்துக்கு வந்தவருட் பெரும்பகுதியினர் ஊரில் தீண்டாமைக்கு உள்ளானவர். குளத்திலும் கிணற்றிலும் இறங்கவிடாது தடுத்துவிட்டு, பிறகு அழுக்கர் என்று ஒதுக்குவது நம் சாதி அமைப்பு நெடுங்காலம் கையாண்ட தந்திரம். துரை அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய கங்காணியின் முற்றத்திலும் அது இருந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இதில் வெறும் பார்வையாளரல்லர். தோட்டப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் நகரப் பாடசாலைக்கு வருகிறது. அக்குட்சுரப்பிகள் விழித்தெழும் வயதும் அதுவே. மழைநாளில் ஒரே சீருடை அடுப்புக்கு மேற் கொடியிற் காய்கிறது, புகை ஏறுகிறது, அரை ஈரத்தோடு வகுப்பில் அமர்கிறது. பின்வாங்குக்கு அனுப்பப்படுகிறது. ‘குளித்துவிட்டு வா’ என்று எல்லார் முன்னும் சொல்லும் ஆசிரியர் ஒருவரேனும் இல்லாத பாடசாலை அரிது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயின. கை மாறினும் பல லயன்களும் அவற்றின் பீலிகளும் மாறவில்லை.

வீட்டிலே செய்யத்தக்க சில முறைகளையும் இங்கே குறித்தல் பொருந்தும். நகரத்துக் கடைகளில் ‘இயற்கை’ என்ற பெயரோடு உயர்ந்த விலைக்கு விற்கப்படுபவற்றுட் பல நம் அடுக்களையில் உள்ளவையே. சீனக்காரம் என்றும் படிகாரம் என்றும் வழங்கும் பொருள் அவற்றுள் முதன்மையானது. முகமழித்த பின் சிகையலங்காரக் கடையில் தேய்க்கும் அதே கட்டி. துவர்ப்பும் கிருமி ஒடுக்கும் தன்மையும் உடையது. ஒரு தேக்கரண்டித் தூளை ஒரு குவளை கொதித்தாறிய நீரிற் கரைத்து வடித்து, குளித்துத் துவட்டிய பின் துணியால் அக்குளில் ஒற்றிக் காயவிடலாம். கீறல் உள்ள தோலில் எரியும்.

அப்பச்சோடா நாற்ற அமிலங்களை நடுநிலையாக்கும். ஆனால் தோல் இயல்பாகச் சற்றே அமிலத்தன்மை உடையது. சோடாவைத் தனியே பூசினால் சிவந்து தடிக்கும். ஒரு பங்கு சோடாவுக்கு நாலு பங்கு கூவைக்கிழங்கு மா சேர்த்துப் பொடியாகத் தூவுவது நலம். சிலர் இதனைத் தேங்காயெண்ணெயிற் குழைத்துக் களிம்பாக்கச் சொல்வர். அவ்வெண்ணெய் 25 பாகைக்கு மேல் உருகுவது. இரத்தினபுரி வெப்பத்தில் களிம்பு நிற்காது, துணியில் வழியும். பலாங்கொடைக்கு மேலுள்ள குளிர்ந்த தோட்டங்களுக்கு அது ஏற்கும். வெட்டிவேரை இரவெல்லாம் ஊறவைத்த நீரைக் கடைசியாக ஊற்றிக்கொள்வது மணத்துக்கு. நாற்றத்தை அது நிறுத்தாது. மண்ணரிப்பைத் தடுக்கத் தோட்டச் சரிவுகளில் நடும் புல்லும் அதே வெட்டிவேர்தான். துணியைச் சாம்பல் நீரில் ஊறவைத்து வெயிலிற் காய்ச்சுவது இவை எல்லாவற்றிலும் பயன் மிக்கது; நாற்றத்தின் பெரும்பங்கு துணியிலேயே தங்குகிறது.

தேசிக்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதன் புளிப்பு நுண்ணுயிர்களை ஒடுக்கும். அமோனியா நெடியையும் போக்கும். ஆனால் அதன் சாறும் தோலெண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் கொப்பளித்துக் கருமை படரும். அக்கருமை மாதக்கணக்கில் நிற்கும். பால் எடுக்க வெயிலில் மலையேற வேண்டியவர்கள் அதனை இரவில் மட்டும் பூசி, விடியுமுன் நன்றாகக் கழுவிவிட வேண்டும். கழுவுவதற்கு, இருள் பிரியுமுன்னரே பீலியில் தண்ணீர் வந்திருக்க வேண்டும்.